சாப்பாட்டு மணியில் தொடங்கலாம்: கத்தோலிக்கப் பள்ளிகளில் அன்றாடத் தூய வாழ்வைப் பழக்கும் முறை

நம் கத்தோலிக்கப் பள்ளிகளில் புனிதர்களுக்குக் குறைவில்லை. வகுப்பறைச் சுவர்களில் படங்களாகவும், நவம்பர் முதல் நாளன்று மாறுவேடப் போட்டியிலும், ஆண்டு விழா நாடகத்திலும் அவர்களைப் பார்க்கிறோம். ஆனால் தண்ணீர்க் குழாயடியில் ஒருவனை ஒருவன் முட்டித் தள்ளும்போதும், தேர்வு அறையில் கண் பக்கத்து மேசைக்குப் போகும்போதும் அந்தப் புனிதர்கள் பிள்ளைகளின் நினைவுக்கு வருவதில்லை. திருமுழுக்குப் பெற்ற அனைவருக்கும் தூய வாழ்வுக்கான அழைப்பு உண்டு என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் தெளிவாகச் சொன்னது. திருத்தந்தை பிரான்சிஸ் 2018இல் எழுதிய திருத்தூது ஊக்கவுரையில் நம் பக்கத்து வீட்டில் வாழும் புனிதர்களைப் பற்றிப் பேசினார். மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் உள்ள நம் பள்ளிகளில் இந்தப் போதனையைப் பள்ளி நாளுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதை ஆசிரியர்களுக்காகவும் மறைக்கல்வி வகுப்பு எடுப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில், புனிதர்களின் கதையைச் சொல்லும் முறையை மாற்ற வேண்டும். நம் பிள்ளைகளுள் பலர் ஓரியூருக்குத் திருப்பயணம் போயிருப்பார்கள். மறைப்பணியாளரான புனித அருளானந்தர் 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4 அன்று அங்கே தலை வெட்டப்பட்டு இறந்ததையும், அவர் இரத்தத்தால் சிவந்ததாக மக்கள் நம்பும் அங்குள்ள செம்மண்ணையும் அவர்கள் அறிவார்கள். அவர் இறந்த விதத்தை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, புனிதம் என்பது தன்னால் ஆகாத காரியம் என்றே முடிவு செய்யும். அவர் எப்படிச் சாப்பிட்டார், எப்படி நடந்தார் என்பதையும் சொல்லுங்கள்: போர்த்துக்கல் அரசவையில் வளர்ந்தவர் இறைச்சியை விட்டு, பண்டாரசாமி என்னும் நம் ஊர்த் துறவிக் கோலத்தில் ஊர் ஊராக நடந்து, நம் மொழியைக் கற்று, எளிய மக்களோடு உட்கார்ந்து பேசினார். பிரான்சு நாட்டுத் துறவியான குழந்தை இயேசுவின் தெரேசாவைப் பற்றிப் பேசும்போது, மடத்தில் துணி துவைக்கும் இடத்தில் எதிரே நின்ற சகோதரி அழுக்குத் தண்ணீரைத் தம் முகத்தில் தெறிக்கவிட்டபோதும் அவர் முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொண்டதைச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது உடனே விளங்கும், ஏனெனில் குழாயடியில் அவர்களுக்கு அது தினமும் நடக்கிறது. உயர்நிலை வகுப்புகளில் 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அக்குதிஸைப் பற்றிப் பேசலாம். கணினியில் தேர்ந்த, 15 வயதில் இறந்த அந்த மாணவர், மற்றவர்கள் கேலி செய்து ஒதுக்கிய வகுப்புத் தோழர்களுக்குத் துணை நின்றவர்.

கதைக்கு அடுத்தது பயிற்சி. அதற்கு மதிய உணவு வேளையைப் போல உகந்த நேரம் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். மணி அடித்ததும் கவனித்துப் பாருங்கள். வீட்டுச் சாப்பாடு கொண்டுவந்தவர்கள் மரத்தடியில் கூட்டம் கூட்டமாக டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். சத்துணவு வாங்குபவர்கள் தட்டோடு வராண்டாவில் ஒரு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். யாரும் பிரித்து உட்காரச் சொல்லவில்லை, ஆனாலும் கோடு விழுந்துவிட்டது. 'பகிர்ந்து உண்ணுங்கள்' என்று ஒலிபெருக்கியில் சொன்னால் அந்தக் கோடு அழியாது. ஆசிரியர் தம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய் அந்த வராண்டாவில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இரண்டு நாள் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள், பிறகு மரத்தடியிலிருந்து ஓரிருவர் தாமாகவே வந்து சேர்வார்கள். அப்படி வந்த பிள்ளையைப் பாராட்டி அடுத்த நாள் காலை வழிபாட்டில் பெயர் சொல்லிவிடாதீர்கள். சொன்னால், மறுநாள் பத்துப் பேர் வருவார்கள், பெயருக்காக.

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: நற்செயலுக்கு நட்சத்திரம் ஒட்டும் அட்டை, 'இம்மாதத்தின் சிறந்த மாணவர்' பலகை, நன்னெறிக்குத் தனிப் பரிசு ஆகியவற்றைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்று ஆண்டவர் சொன்னதைப் படித்துக் காட்டிவிட்டு, அடுத்த பாடவேளையில் அதற்குக் கோப்பை கொடுத்தால், பிள்ளை கோப்பையைத்தான் நம்பும்.

மாலையில் கடைசி மணிக்கு முன் மூன்று நிமிடங்களை ஒதுக்குங்கள். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தே நொபிலியும் அவருக்குப் பின் வந்த அருளானந்தரும் இயேசு சபையினர். அச்சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தம் தோழர்களுக்குக் கற்பித்த, அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஆன்மச் சோதனையைப் பிள்ளைகளுக்கு ஏற்றவாறு சுருக்கிக்கொள்ளலாம். கண்களை மூடச் சொல்லி, மெதுவாக மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். இன்று எனக்கு நல்லது செய்தவர் யார்? யார் மனத்தை நான் நோகடித்தேன்? நாளை அதை எங்கே, எப்போது சரிசெய்வேன்? மூன்றாவது கேள்விதான் முக்கியம். 'நல்லவனாக இருப்பேன்' என்ற பதில் போதாது, 'காலையில் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் அவனிடம் மன்னிப்புக் கேட்பேன்' என்கிற அளவுக்குப் பதில் திட்டவட்டமாக இருக்க வேண்டும். எதையும் எழுத வைக்காதீர்கள், யாரையும் எழுப்பிக் கேட்காதீர்கள். ஒப்புரவு அருளடையாளத்திற்கு, அதாவது குருவிடம் பாவ அறிக்கை செய்வதற்கு, பிள்ளைகளை அழைத்துப் போகும் நாளிலும் இதே எச்சரிக்கை தேவை: நினைவூட்டலாம், வரிசையில் நிற்குமாறு கட்டாயப்படுத்தக் கூடாது.

நம் பள்ளிகளில் இந்து, இசுலாமியப் பிள்ளைகளும் ஏராளமாகப் படிக்கிறார்கள். அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் யாரையும் அவர் இசைவின்றி, சிறுவராயின் காப்பாளர் இசைவின்றி, சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்க வைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே செபத்தையும் மறைக்கல்வியையும் கத்தோலிக்கப் பிள்ளைகளோடு நடத்துங்கள். மாலை நேர மூன்று கேள்விகளை எல்லாரும் தத்தம் மனச்சான்றின்முன் கேட்டுக்கொள்ளலாம், வராண்டாவிலும் எல்லாரும் உட்காரலாம்.

நம் பகுதியில் விட்டுவிட முடியாத ஒன்று சாதி. தென்மாவட்டங்களில் மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டிவருவது நமக்குத் தெரியும். ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துருவின் ஒருநபர் குழுவும் 2024இல் அளித்த அறிக்கையில் அதைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. கயிற்றை அறுத்துவிடுவது எளிது. அதைக் கட்டத் தூண்டிய மனத்தை மாற்றத்தான் தேவசகாயத்தின் வாழ்வு உதவும். குமரி மாவட்ட நட்டாலத்தில் உயர்ந்ததாகக் கருதப்பட்ட குலத்தில் பிறந்து, 1745இல் திருமுழுக்குப் பெற்று, எல்லா மக்களையும் சமமாக நடத்தி, 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அந்தப் பொதுநிலையினரை, குருவோ துறவியோ அல்லாத அவரை, திருச்சபை 2022 மே 15 அன்று புனிதராக அறிவித்தது. இதைச் சொல்லும்போது ஒரு மாணவி எழுந்து, 'எங்கள் பங்குக் கோவிலிலேயே சாதி பார்க்கிறார்களே, சிஸ்டர்?' என்று கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். ஆம், அது பாவம் என்று நேராகச் சொல்லுங்கள். அதோடு வகுப்பில் இருக்கை வரிசையை வாரந்தோறும் மாற்றி அமையுங்கள். துப்புரவுப் பணியை ஒரு சிலர் தலையில் கட்டாமல் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி எல்லாருக்கும் கொடுங்கள், உங்கள் முறையையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவை அனைத்தையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம். ஜூன் மாதத்தில் ஒரே ஒரு வகுப்பில், ஒரே ஒரு பழக்கத்தோடு தொடங்கி, காலாண்டுத் தேர்வு வரை வேறு எதையும் சேர்க்காமல் இருங்கள். அதன்பின் வரும் பெற்றோர் கூட்டத்தில், மதிப்பெண் பட்டியலை நீட்டுவதற்கு முன், ஒவ்வொரு பிள்ளையிடமும் நீங்கள் கண்ணால் கண்ட ஒரு நல்ல செயலை அதன் தாயிடம் தனியாகச் சொல்லுங்கள். 'உங்கள் மகன் கை உடைந்த பையனுக்குத் தினமும் பை தூக்கி வருகிறான், அம்மா' என்கிற ஒரு வாக்கியம் போதும். மதிப்பெண் குறைந்த பிள்ளையின் தாய்க்கு இதை முதலில் சொல்லுங்கள்.