தூரிகை தொடும் முன்பே நடக்கும் தவறுகள்

ஸ்டில் லைஃப், அதாவது பழம், பானை, துணி போன்ற அசையாப் பொருள்களை மேசையில் வைத்துப் பார்த்து வரைகிறவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி, தாளில் வண்ணம் படுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. எதை மேசையில் வைக்கிறோம், எந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் வைக்கிறோம், எங்கே உட்கார்ந்து பார்க்கிறோம் என்ற மூன்றையும் யோசிக்காமல் ஆரம்பித்துவிட்டு, பிறகு வண்ணம் கலக்க வரவில்லை என்று அலுத்துக்கொள்வதில் பயனில்லை. குன்னூரிலோ கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ உட்கார்ந்து வரைகிறவர்களுக்கு இதில் கூடுதல் தொல்லைகளும் உண்டு, கூடுதல் வசதிகளும் உண்டு. ஐரோப்பாவில் எழுதப்பட்ட பயிற்சிப் புத்தகங்களில் இவை இரண்டுமே இருக்காது.

அதற்கு முன் ஒரு மனத்தடையைத் தாண்ட வேண்டும். கலைக் கல்லூரிகளில் முதலாண்டிலேயே பானையையும் துணியையும் வைத்து வரையச் சொல்வதால், இது கற்றுக்குட்டிகளின் பாடம், தேறியதும் விட்டுவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த இளக்காரம் பழையது. 1667இல் ஆந்த்ரே ஃபெலிபியன் பிரெஞ்சு ஓவிய அகாதெமிக்காக ஓவிய வகைகளைத் தரம் பிரித்தபோது பழம், பூ, சிப்பி வரைகிறவர்களைக் கடைசிப் படியில்தான் நிறுத்தினார். 1728இல் அதே அகாதெமிக்குள் ஷார்தான் என்ற ஓவியர் நுழைந்தது, கொக்கியில் தொங்கும் ஒரு திருக்கை மீனை வரைந்து காட்டி. வயிறு கிழிந்து குடல் தெரியும் அந்த மீன் இன்றும் லூவர் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. இத்தாலிய ஓவியர் மொராண்டி (1890–1964) பொலோன்யா நகரத்து வீட்டில் அதே சில புட்டிகளையும் டப்பாக்களையும் இடம் மாற்றி மாற்றி வைத்து வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். முதலாண்டுப் பாடம் என்று அவரிடம் சொல்லியிருக்க முடியுமா?

இனி மேசைக்கு வருவோம். ஊட்டியில் உட்கார்ந்துகொண்டு, மெழுகு பூசிய வெளிநாட்டு ஆப்பிளையும் காலி ஒயின் புட்டியையும் தேடி அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரெஞ்சு ஓவியர் செசான் ஆப்பிளை வரைந்தார் என்றால், அவருடைய ஊரில் அதுதான் கைக்கெட்டிய பழம். நம் மார்க்கெட்டில் பேரிக்காய், பிளம்ஸ், மரத்தக்காளி, வெண்ணெய்ப்பழம், சௌசௌ, மண் ஒட்டிய கேரட், மலைப்பூண்டு என்று குவிந்து கிடக்கின்றன. மரத்தக்காளி ஒன்று போதும்: முட்டை வடிவம், செம்மண்ணுக்கும் மாதுளைக்கும் இடைப்பட்ட நிறம், நீண்ட பச்சைக் காம்பு. இதேபோல, ஹாலந்து ஓவியர்கள் வைத்தார்கள் என்பதற்காக மண்டையோட்டையும் அணைந்த மெழுகுவர்த்தியையும் வைப்பதும் வீண் வேலை. 17ஆம் நூற்றாண்டுப் புராட்டஸ்டண்ட் வீட்டுக்கு அவை வாழ்வின் நிலையாமையைச் சொல்லின. நம் வீட்டு மேசையில் அவை நாடகத்துச் சாமான்கள்.

பழத்தைக் கழுவித் துடைத்து வைப்பது இன்னொரு தவறு. எல்லாரும் செய்வது, யாரும் தவறென்று நினைக்காதது. பிளம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மே, ஜூன் மாதங்களில் மரத்திலிருந்து பறித்து வரும் பிளம்ஸின் மேல் வெண்சாம்பல் நிறத்தில் மாவு போலப் படிந்திருக்கும். அது அழுக்கன்று, பழமே சுரக்கும் மெல்லிய மெழுகு. அது இருக்கும் இடத்தில் கருஞ்சிவப்புத் தோல் நீலம் பாரித்துத் தெரியும். பறித்தவரின் விரல் பட்ட இடத்தில் மெழுகு போய் அடர்ந்த நிறம் வெளியே வரும், அங்கே மட்டும் ஜன்னல் வெளிச்சம் பளிச்சிடும். ஒரே பழத்தில் மங்கலும் மினுக்கமும் குளிர்ந்த நிறமும் சூடான நிறமும் அடுத்தடுத்து இருக்கின்றன. துண்டால் துடைத்தவுடன் இவ்வளவும் போய், பழம் சிவப்புப் பிளாஸ்டிக் பந்தாகிவிடுகிறது. பிறகு உருண்டையாகக் காட்ட வேண்டும் என்று ஒவ்வொரு பழத்திலும் ஒரே இடத்தில் வெள்ளைப் புள்ளி வைக்கிறோம். காம்பைப் பிடித்துத் தூக்கி வையுங்கள், விரல் ரேகைகளை அப்படியே விடுங்கள். நீர்வண்ணத்தில் வரைந்தால் முதலில் வெளிறிய நீலச்சாம்பலைப் பூசிக் காயவிட்டு, மெழுகு இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு மேலே அடர்நிறத்தைப் போட வேண்டும். எண்ணெய் வண்ணத்தில் வரிசை தலைகீழ்: அடர்நிறம் முதலில், அது காய்ந்ததும் உலர்ந்த தூரிகையில் கொஞ்சமாகத் தொட்டு மேலே நீலச்சாம்பலைத் தேய்க்க வேண்டும்.

மிலானில் இருக்கும், இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜியோ 1600ஐ ஒட்டி வரைந்த பழக்கூடை ஓவியத்தில், ஆப்பிளில் புழுத்துளை இருக்கிறது, இலைகள் ஓரம் கருகிச் சுருண்டிருக்கின்றன. கடைக்காரர் ஒதுக்கிவிடும் பழத்தை ஓவியர் தேடி எடுத்துக்கொள்ளலாம். குன்னூர் சிம்ஸ் பூங்காவில் மே மாதம் நடக்கும் பழக் கண்காட்சியில் பழங்களை அடுக்கி யானையும் மயிலும் செய்து வைப்பார்கள். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் அங்கே பழம் செங்கல்லின் வேலையைச் செய்கிறது. நமக்கு அது பழமாகவே இருக்க வேண்டும்.

வைத்த பொருள் வைத்தபடி இருக்கும் என்று நம்புவதும் ஆபத்து. நறுக்கிய வாழைப்பழம் சற்று நேரத்தில் கறுத்துவிடும். வெண்ணெய்ப்பழம் பச்சையாக வந்து, நீங்கள் நிழலை முடிப்பதற்குள் நிறம் மாறித் தளர்ந்துவிடும். பேஷன் ஃப்ரூட் சுருங்கும். சௌசௌவைக் கேட்கவே வேண்டாம், சமையலறை மூலையில் கிடந்தபடியே முனையைப் பிளந்துகொண்டு முளை விடும். ஆகவே வரையும் வரிசையைப் பொருளின் ஆயுள்தான் முடிவு செய்ய வேண்டும்: பூ முதலில், பிறகு நறுக்கிய பழம், பிறகு முழுப்பழம், பானையும் செம்பும் கடைசியில். செசான் மிக மெதுவாக வரைகிறவர், பூ வாடிவிடுகிறது என்று காகிதப்பூ வைத்துக்கொண்டார் என்பார்கள். ராகெல் ராய்ஷ் போன்ற டச்சு ஓவியர்களின் பூங்கொத்துகளில் வெவ்வேறு பருவத்துப் பூக்கள் ஒரே ஜாடியில் சேர்ந்து நிற்கும். ஒவ்வொரு பூவையும் தனித்தனியாக வரைந்து வைத்த பயிற்சிப் படங்களிலிருந்து சேர்த்து வரைவது அவர்களிடையே வழக்கம். நம்மிடம் பொறுமை குறைவென்றால் நாட்டுப் பேரிக்காய் நல்ல துணை. கல்லைப் போலக் கிடக்கும்.

வெளிச்சம்தான் மலையில் பெரிய விஷயம். "வடக்கு ஜன்னலைத் தேர்ந்தெடு, அங்கே நேர்வெயில் வராது" என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. பாரிஸுக்கும் லண்டனுக்கும் அது சரி, அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில்தான் நிற்கும். உதகை சுமார் பதினொன்றரை டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது, கொடைக்கானல் இன்னும் தெற்கே. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் தாண்டும்வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. உச்சிவெயிலையாவது கூரையின் இறவாணம் தடுத்துவிடும். தொல்லை காலையிலும் மாலையிலும்: மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை சூரியன் உதிப்பதும் மறைவதும் கிழக்கு, மேற்கிலிருந்து வடக்கே விலகித்தான். வடக்கு ஜன்னலில் வெயில் சரிந்து நுழைந்து பானையின் நிழலை இழுத்துக்கொண்டே போகும். மே மாதத்தில் புத்தகத்தை நம்பி உட்கார்ந்தவர் பாடு திண்டாட்டம்தான். அந்த மாதங்களில் ஜன்னலில் மெல்லிய வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுங்கள், அல்லது காலையும் மாலையும் தவிர்த்து நடுப்பகலில் வரையுங்கள். அக்டோபரிலிருந்து மார்ச் வரை புத்தகம் சொல்வது நமக்கும் பொருந்தும்.

அடுத்தது பனிமூட்டம். வெயிலில் ஆரம்பித்த படத்தை மூட்டம் வந்த பிறகும் விடாமல் தொடர்வது, மலையில் வரைகிறவர்கள் எல்லாரிடமும் பார்க்கக்கூடிய பிடிவாதம். வெயிலில் நிழலுக்கு ஒரு திசையும் கூரிய விளிம்பும் இருக்கும். மூட்டம் இறங்கியதும் ஜன்னலே ஒரு பெரிய வெள்ளைத் திரையாகிவிடுகிறது. நிழல் பொருளின் அடியில் ஒடுங்கிக்கொள்ளும், விளிம்பு கரையும், நிறங்களில் நீலம் ஏறும். இரண்டையும் ஒரே தாளில் சேர்த்தால் எந்த நேரம் என்றே சொல்ல முடியாத படம்தான் மிஞ்சும். இரண்டு பலகை வைத்துக்கொள்வது நல்லது: ஒன்று வெயிலுக்கு, ஒன்று மூட்டத்துக்கு. மூட்டத்தைக் கெட்ட வெளிச்சம் என்று திட்டுவதும் சரியன்று. வெள்ளைப் பீங்கான் கோப்பையின் வளைவில் டோன், அதாவது வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கான படி, எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று பார்க்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது. எந்த வெளிச்சமானாலும், முதல் வேலையாக விழும் நிழலின் எல்லையைப் பென்சிலால் லேசாகக் குறித்துவிடுங்கள். பிறகு சூரியன் நகர்ந்தாலும் அந்தக் கோட்டை மாற்றாதீர்கள்.

இருட்டுகிறதே என்று தலைக்கு மேல் டியூப்லைட்டைப் போடுவது மற்றொரு வழக்கம். ஜன்னல் ஒரு நிழலைத் தரும், விளக்கு இன்னொன்றைத் தரும், பழத்துக்குக் கீழே இரண்டு நிழல்கள் சண்டையிடும். விளக்கில்தான் வரைய வேண்டுமென்றால் ஜன்னலை மூடிவிட்டு ஒற்றை விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள், சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் என்று பெட்டியில் அச்சிட்ட பல்பாக இருக்கட்டும்.

உட்காரும் இடத்தைப் பற்றி. பானை வரையும்போது கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. நின்று பார்த்து வாயை வரைகிறார்கள், உட்கார்ந்து அடியை வரைகிறார்கள். வாய் அகன்ற நீள்வட்டமாகவும் அடி நேர்கோடாகவும் வந்து, பானை மேசையில் நிற்காமல் மிதக்கிறது. கண்மட்டத்திலிருந்து எது தள்ளி இருக்கிறதோ அந்த வட்டம்தான் அதிகம் விரியும், ஆகவே அடியின் வளைவு வாயைவிட அதிகமாகவே இருக்க வேண்டும். நீள்வட்டத்தின் இரு கோடிகளும் வளைந்து திரும்பும், மீன்வாலைப் போலக் கூராக முடியாது. நீலகிரியின் கோத்தர் பழங்குடிப் பெண்கள் வனைந்த பானை கிடைத்தால் விடாதீர்கள். அதில் ஒரு தோள் மற்றதைவிடச் சற்றே இறங்கியிருக்கலாம். இருபுறமும் சமமாக்கித் திருத்துகிறவர்களின் கையில் அந்தப் பானை தொழிற்சாலைப் பானையாகிவிடுகிறது.

துணியிலும் இதே கதைதான். தோடர்களின் பூத்துக்குளி சால்வையைப் பின்னணியாகப் போட ஆசைப்படாதவர் நீலகிரியில் யார்? சிவப்பும் கறுப்புமான அந்தப் பூவேலையைப் பார்த்த வேகத்தில் முதலில் அதையே வரைந்துவிட்டு, மடிப்பைப் பிறகு சேர்ப்பார்கள். மடிப்பு தாளில் ஒட்டிய கோலம் போலத் தட்டையாகிவிடும். வேலைப்பாட்டை மறந்துவிட்டு வெறும் வெள்ளைத் துணியாக மடிப்பின் நிழல்களை முடியுங்கள். அதன் பிறகு கோடுகள் மடிப்புக்குள் எங்கே மறைகின்றன, எங்கே வளைந்து மேலேறுகின்றன என்று பின்தொடர்ந்து போங்கள். வெள்ளைத் துணியின் நிழலுக்குக் கறுப்பைக் கலக்க வேண்டாம். பக்கத்துப் பிளம்ஸின் சிவப்பு அந்த நிழலில் ஏறியிருக்கும், கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் தெரியும்.

பொருள்களைக் கல்யாண போட்டோவுக்கு நிற்பவர்களைப் போல வரிசையாக, சம இடைவெளியில் நிறுத்தாதீர்கள். ஒன்று மற்றொன்றை மறைக்கட்டும். பேரிக்காயின் விளிம்பு பானையின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நின்றால் கண் அங்கேயே மாட்டிக்கொள்ளும். நன்றாக விலக்குங்கள் அல்லது நன்றாக மறையுங்கள்.

கைபேசியில் படமெடுத்து அதைப் பார்த்து வரைவது பற்றி நிறையப் பேசலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். கிட்டே போய் எடுத்தால் முன்னாலிருக்கும் பழம் வீங்கும், பின்னாலிருக்கும் பானை ஒடுங்கும், நிழல் வெறும் கறுப்பாகும். பிளம்ஸின் மெழுகைக் கைபேசி பெரும்பாலும் விழுங்கிவிடும். பூ வாடும் முன் நினைவுக்கு ஒரு படம் எடுத்து வைப்பதில் தவறில்லை, அவ்வளவுதான்.

கடைசியாக ஈரம். மழைக்காலத்தில் நீர்வண்ணம் காயாது. காய்ந்துவிட்டது என்று நினைத்து ஈரத் தூரிகையை வைத்தால் காலிஃபிளவர் ஓரம் போன்ற கறை பூக்கும். ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து உலர்த்துங்கள், பொறுமைக்குப் பதிலாக அதைக் கிட்டே பிடிக்காதீர்கள். வெட்டிய தாளைத் திறந்த அலமாரியில் வைத்தால் தாளின் பசை கெட்டு, நிறத்தை ஒற்றுக்காகிதம் போல உறிஞ்சும். மூடிய டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். எண்ணெய் வண்ணம் காற்றோடு வினைபுரிந்து கெட்டியாவது, குளிரில் அது இன்னும் மெதுவாகும். அடிப்பூச்சுக்கு, மெதுவாகக் காயும் ஐவரி பிளாக் கறுப்பை எடுப்பவர்கள் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல்பூச்சு முதலில் காய்ந்து வெடிக்கும். அம்பர் (umber) என்ற மண்பழுப்பில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காயும், அடிப்பூச்சுக்கு அதுவே நல்லது.

உயரத்தில் புற ஊதாக் கதிர் அதிகம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பிளம்ஸ் வரைய அநேகமாக எல்லாரும் எடுக்கும் அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் வெளுக்கும் சிவப்பு. அந்த இடத்துக்குக் க்வினாக்ரிடோன் வகைச் சிவப்புகள் நெடுநாள் நிற்கும். வான்கோ 1890இல் இளஞ்சிவப்பாக வரைந்த ரோஜாக்கள் இன்று ஏறக்குறைய வெள்ளையாக நிற்பது இப்படி வெளுத்ததால்தான். சட்டம் போடும்போது கண்ணாடி ஓவியத்தைத் தொடாதபடி இடையில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள், ஒட்டியிருந்தால் ஒரு மழைக்காலத்திலேயே உள்ளே பூஞ்சை படரும். மாட்டும் இடம் மழையடிக்கும் வெளிச்சுவராகவும் இருக்கக் கூடாது, கணப்புக்கு மேலாகவும் இருக்கக் கூடாது. பழைய பங்களாக்களில் அங்கேதான் மாட்டுவார்கள். புகையும் சூடும் மாறி மாறிப் பட்டு அந்தப் படங்கள் என்ன கதியானது என்று அவற்றையே போய்ப் பார்த்தால் தெரியும்.