மீன்தொட்டியில் அதிக அக்கறை செய்யும் கெடுதல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுத் தொட்டியில் மீன் செத்துப்போனால் சரியாகக் கவனிக்கவில்லையோ என்றுதான் பலரும் வருந்துகிறார்கள். பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. தொட்டி வாங்கிய அன்றே பத்து மீன், வாராவாரம் மொத்தத் தண்ணீரையும் கொட்டி ஒரு கழுவல், வருவோர் போவோரெல்லாம் போடும் தீனி, ஒரு மீன் மூலையில் ஒதுங்கினாலே நீல மருந்து. கெடுப்பது இவைதான்.

முதல் மாதம்

மீன் தின்னும் தீனியிலுள்ள புரதம் கடைசியில் அம்மோனியாவாகி, செவுள் வழியே தண்ணீரில் கலக்கிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதே அம்மோனியாதான். இதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது அதிகமாகச் சேராதவரை பெரிய தொல்லை இல்லை. இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதைவிட பில்டர் ஸ்பாஞ்சிலும் அடியில் போட்ட கற்களிலும் ஒட்டித்தான் வளர்கின்றன. புதுத் தொட்டியில் அவை போதிய அளவு பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும்.

அதற்குள் மீனை நிறைத்துவிட்டால், சில நாளில் அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், செவுள் சிவக்கும். நைட்ரைட் ஏறினால் ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது, செவுள் பழுப்பாகும். தண்ணீரோ பளிங்கு மாதிரி இருக்கும். ஏமாறுவது இங்கேதான். காரத்தன்மையும் இதில் சேர்ந்துகொள்ளும். தண்ணீரின் காரத்தைக் காட்டும் அளவுதான் பிஎச். 30 டிகிரி வெப்பத்தில் அது 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவில் இருப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 8 என்றால் ஏறக்குறைய 7 சதவீதம். நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் 8ஐ ஒட்டியே இருக்கிறது.

ஆகவே தொட்டியை நிரப்பி, பில்டரை இரவு பகலாக ஓடவிட்டு, மீன் இல்லாமலேயே தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள். அது அழுகித் தரும் அம்மோனியாவில் பாக்டீரியா பெருகும். நோயில்லாத பழைய தொட்டியிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்ச் கிடைத்தால் அதையும் உள்ளே போடலாம். காத்திருக்கும் காலம் நன்றாகக் குறையும். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழி காட்டி, நைட்ரேட் மட்டும் ஏறினால் தொட்டி தயார். அப்போதும் முதலில் மூன்று நான்கு சிறு மீன்கள் போதும். இரண்டு வாரம் கழித்து மற்றவை.

ஏற்கெனவே மீன் விட்டாயிற்றா? தினமும் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். தீனி ஒன்றுவிட்டு ஒரு நாள். லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பைக் கரைத்து ஊற்றினால், அதிலுள்ள குளோரைடு செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். மாற்றும் தண்ணீருக்கு மட்டும் மறுபடி உப்பு சேர்த்தால் போதும்.

சுத்தம் என்ற பெயரில்

மீனை வாளியில் மாற்றிவிட்டு, தொட்டி, கல், ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவுவது ஒரு மாத உழைப்பைச் சாக்கடையில் விடுவதற்குச் சமம். பாக்டீரியா போய்விடும்; தொட்டி மறுபடி முதல் நாளுக்குத் திரும்பும். வாரம் ஒருமுறை 25 சதவீதத் தண்ணீரை டியூப் வழியே, கல்லுக்கு இடையிலுள்ள கசடோடு உறிஞ்சி எடுங்கள். அப்படி எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை நாலைந்து முறை பிழிந்தால் போதும். அது புதிதுபோல் ஆக வேண்டியதில்லை. சோப்பு மட்டும் தொட்டிப் பக்கமே வரக்கூடாது.

ஊற்றும் தண்ணீர் எது என்பதும் முக்கியம். குழாய்த் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர அளவு. குடிப்பவருக்கு அது பாதுகாப்பு, செவுளுக்கு எரிச்சல். அகன்ற பாத்திரத்தில் ஏர் பம்ப் ஓடவிட்டு ஒரு நாள் வைத்தால் குளோரின் பறந்துவிடும். அவசரமென்றால் கடையில் ஆன்டி குளோரின் என்று விற்கும் மருந்தைப் பாட்டிலில் சொன்ன அளவில் கலக்கவும். அடுக்குமாடிச் சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் போட்ட அன்று தண்ணீர் மாற்றவே வேண்டாம்.

உப்புத் தண்ணீர் என்று பயந்து முழுக்க ஆர்ஓ தண்ணீரில் மீன் வளர்ப்பவர்கள் உண்டு. தாது உப்பு ஏறக்குறைய இல்லாத அந்தத் தண்ணீரில் பிஎச்சைத் தாங்கிப் பிடிக்க எதுவுமில்லை, திடீரென்று சரியும். அதைவிட, வீட்டில் வரும் தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குவதே புத்திசாலித்தனம். கப்பி, மோலி, பிளாட்டி மூன்றும் தாது உப்பு மிகுந்த கடினத் தண்ணீரில் நன்றாகவே இருக்கும். கார்டினல் டெட்ராவுக்கு மென்னீர்தான் ஒத்துவரும்.

கண்ணாடிக் கிண்ணமும் கோல்டு ஃபிஷும்

இந்த ஜோடியைக் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் வாங்காதீர்கள். சரியாக வளர்த்தால் கோல்டு ஃபிஷ் 15 சென்டிமீட்டருக்கு மேல் வளரும், பத்தாண்டுக்கு மேல் வாழும். கழிவும் ஏராளம். தொட்டியின் கொள்ளளவு அறிய நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 1000ஆல் வகுக்கவும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் சுமார் 55 லிட்டர். கல்லும் மேலே விடும் இடமும் போக உள்ளே இருப்பது 45 லிட்டர்தான். அதில் கப்பிகள் ஒரு குழுவாகத் தாராளமாக இருக்கும். கோல்டு ஃபிஷ் இரண்டுக்கே அது நெருக்கடி. ஃபைட்டர் தனியாக வாழும் மீன் என்றாலும் அதற்கும் 15 முதல் 20 லிட்டர் வேண்டும். டைகர் பார்பை ஏஞ்சலோடு விட்டால் ஏஞ்சலின் துடுப்பு மிஞ்சாது.

சென்னைக் கொளத்தூரிலோ உங்கள் ஊர்க் கடையிலோ வாங்கி வந்த கவரை அப்படியே கவிழ்க்காதீர்கள். 15 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அரை டம்ளர் தொட்டித் தண்ணீரை அதில் ஊற்றி, கடைசியில் வலையால் மீனை மட்டும் எடுத்து விடவும். கவர் தண்ணீர் வெளியே போகட்டும்.

தீனி இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவுதான், நாளுக்கு இரண்டு வேளை. வளர்ந்த, ஆரோக்கியமான மீன் மூன்று நான்கு நாள் பட்டினியைச் சாதாரணமாகத் தாங்கும். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டாரிடம் தீனி டப்பாவை மொத்தமாகக் கொடுத்துப் போவதே பெரிய ஆபத்து.

மருந்து, கரண்ட், வெயில்

மெத்திலீன் புளூ என்ற அந்த நீல மருந்தை ஓடும் தொட்டியில் ஊற்றினால் பில்டரின் பாக்டீரியாவும் சேர்ந்து சாகும். நோயுற்ற மீனை ஏர் போட்ட தனி வாளியில் வைத்து மருந்து கொடுங்கள். வெண்புள்ளி நோய் மட்டும் விதிவிலக்கு. அதன் கிருமி தொட்டியின் அடியில்தான் பெருகுகிறது. ஆகவே அதற்கென உள்ள மருந்தைத் தொட்டிக்கே போட வேண்டும், புள்ளி மறைந்த பிறகும் சில நாள் தொடர வேண்டும். மருந்தைத் தேடும் முன் தண்ணீரைச் சோதியுங்கள். பாதி நேரம் விடை அங்கேயே இருக்கும்.

ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது டியூபில் செக் வால்வு பொருத்துங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் தண்ணீர் பின்னோக்கி இறங்கி பம்புக்குள் போகும். வயரைப் பிளக்குக்குக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால், வழியும் துளி சுவிட்சுக்குள் போகாது. தண்ணீரில் கைவிடும் முன் எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். மின்வெட்டு நீண்டால் தீனி வேண்டாம், பேட்டரி ஏர் பம்ப் போதும். சித்திரை வெயிலில் தொட்டி 32 டிகிரியைத் தாண்டினால் ஆக்சிஜன் குறையும். மூடியைத் திறந்து நீர்ப்பரப்பின் மேல் சிறு ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியைக் கொட்டினால் திடீர்க் குளிர்ச்சியே மீனைச் சாய்க்கும்.

பாசி தின்னும் என்று மூன்று அங்குலத்தில் வாங்கும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும். இடம் போதாமல் அதை ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகி, உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்து, மீனவர் வலையையும் கிழிக்கிறது. வளர்க்க முடியாவிட்டால் கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் சேருங்கள்.