யூனியன் பயிலுநராகச் சேருமுன் நம் பிள்ளைகள் செய்யும் தவறுகள்

ரொறன்ரோவில் எலெக்ட்ரிஷன் ஆக விரும்பும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் முதலில் தேடிப் போவது தெரிந்த அண்ணர் ஒருவரைத்தான். மறுநாளே வேலை, வெள்ளிக்கிழமை கையில் காசு. என் மருமகனும் அப்படித்தான் போனான். இரண்டு வருடம் சுவர் துளைத்து வயர் இழுத்த பிறகு, எத்தனை மணித்தியாலம் பதிவாகியிருக்கிறது என்று விசாரித்தால் பூச்சியம். பயிற்சி ஒப்பந்தமே பதியப்பட்டிருக்கவில்லை. கிடைத்த வேலையை விடாதே என்று அவனுக்குச் சொன்னவன் நான். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

ஒன்ராறியோவில் 309ஏ எனப்படும் கட்டட எலெக்ட்ரிஷன் சான்றிதழுக்கு 9,000 மணித்தியாலங்கள் தேவை. 8,160 வேலைத்தளத்தில், 840 வகுப்பறையில். சான்றிதழ் கட்டாயமான தொழில் இது. பதிவில்லாமல் செய்வது சட்டத்துக்கு மாறானது. ஆகவே கையில் வரும் காசைவிட, கணக்கில் ஏறும் மணித்தியாலமே சொத்து. சேர்ந்த முதல் வாரத்திலேயே பயிற்சி ஒப்பந்தத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். செய்த வேலையையும் நேரத்தையும் நீங்களும் தனியே எழுதி வையுங்கள்.

முதல் வருடச் சம்பளத்தை மட்டும் பார்த்து யூனியனை ஒதுக்குவது அடுத்த தவறு. அங்கே பயிலுநரின், அதாவது வேலை செய்தபடியே தொழில் பழகுபவரின் சம்பளம், சான்றிதழ் பெற்றவரின் சம்பளத்தில் சுமார் 40 சதவீதத்தில் தொடங்குகிறது. ஏறத்தாழ 1,800 மணித்தியாலத்துக்கு ஒரு படி என்று உயர்ந்து, கடைசிக் கட்டத்தில் 80 சதவீதம்வரை போகிறது. யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. உயர்வு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்புறுதிக்கும் முதலாளி தனியாகப் பணம் கட்டுகிறார். இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. ஒரு கம்பனியில் வேலை முடிந்தால் யூனியன் உங்களை இன்னொரு கம்பனிக்கு அனுப்பும். சேர்த்த மணித்தியாலமும் கூடவே வரும். இன்று அடுக்குமாடி, அடுத்த வருடம் வைத்தியசாலை, பிறகு தொழிற்சாலை என்று கை பலவற்றிலும் பழகும். வீடுகளுக்கு மட்டுமே வயர் இழுத்தவருக்கு இந்தப் பழக்கம் கிடைப்பது கடினம்.

அதற்காக யூனியன் என்றால் வேலை நிற்கவே நிற்காது என்றும் நம்பிவிடக் கூடாது. கட்டட வேலை குறையும் மாதங்களில் காத்திருப்போர் பட்டியலில் இருக்க வேண்டி வரும். சில மாதச் செலவுக்காவது சேமிப்பு வேண்டும்.

எலெக்ட்ரிஷன்களுக்கு ஐபிஇடபிள்யூ லோக்கல் 353, பிளம்பர்களுக்கும் குழாய்ப் பொருத்துநர்களுக்கும் யூஏ லோக்கல் 46 என்று ரொறன்ரோவில் யூனியன்கள் இருக்கின்றன. இரண்டாவதன் அலுவலகம் நம்மவர் நிறைந்த ஸ்காபரோவிலேயே, வார்டன் வீதியில் இருக்கிறது. விண்ணப்பம் எப்போது திறக்கும் என்று அங்கேயே நேரில் விசாரியுங்கள். அதைச் செய்யாமல் தனியார் பள்ளி ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான டொலர் கட்டிவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. நுழைவுத் தேர்வில் கணிதம் வரும். பள்ளியில் விட்ட அட்சரகணிதத்தை இப்போதே திரும்பப் படியுங்கள். நல்ல கைவேலை தெரிந்த பிள்ளைகளும் இதில்தான் தவறவிடுகிறார்கள்.

வகுப்புக்கான அழைப்பு வந்தால் சம்பளம் போகுமே என்று தள்ளிப் போடாதீர்கள். முழுநேர வகுப்புக் காலத்தில் வேலையிழப்புக் காப்புறுதிக்கு விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு பயிற்சிக் கட்டத்துக்கும் 4,000 டொலர்வரை வட்டியில்லாத அரசுக் கடனும் உண்டு.

இலங்கையிலோ வளைகுடாவிலோ பல வருடம் இதே தொழில் செய்தவர்கள், பழையது இங்கே செல்லாது என்று எண்ணி அடியிலிருந்து தொடங்குகிறார்கள். இத்தொழில்களுக்குச் சான்றிதழ் வழங்கும் மாகாண அமைப்பான ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோ அந்த அனுபவத்தை மதிப்பிடும். போதுமென்று கண்டால் நேரே சான்றிதழ்த் தேர்வு எழுதலாம். தேர்ச்சிக்கு 70 சதவீதம் வேண்டும். பழைய முதலாளியின் கடிதத்தில் எத்தனை மணித்தியாலம், என்னென்ன வேலை என்பது தெளிவாக இருக்கட்டும். "நல்ல பணியாளர்" என்று மட்டும் எழுதிய கடிதத்தை வைத்து எதையும் கணக்கிட முடியாது.