கழற்றிப்போட்ட கப்ளரும் மழைத் தண்ணீரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரின் இஞ்சினை இறக்கிவிட்டு, உதிரிபாகம் வரும்வரை வண்டியை வாரக்கணக்கில் வெளியே நிறுத்துவது எல்லா ஷெட்டிலும் நடப்பதுதான். அந்த நேரம் பார்த்து ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், தொங்கும் வயரிங் கிட்டுக்குத்தான் (ஒயர்க் கட்டும், அதன் முனைகளில் சென்சார்களோடு பூட்டும் கப்ளர்களும்) கேடு. வேலை முடிந்து வண்டியைக் கிளப்பினால் செக் இஞ்சின் விளக்கு எரியும். சென்சாரை மாற்றினாலும் அணையாது. கப்ளரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருக்கும் உலோகப் பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும்.

“வாட்டர்புரூஃப் கப்ளர்தானே, ஒன்றும் ஆகாது” என்று விட்டுவிடுவதில்தான் பாதி கிட்டு பாழாகிறது. தூசும் தண்ணீரும் புகாமைக்கான தரக்குறியான ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். ஆனால் இரண்டு பாதியும் பூட்டி, உள்ளே ரப்பர் சீல் அழுந்தியிருந்தால்தான் அந்தக் கணக்கு. கழற்றிய கப்ளருக்கு எந்தத் தரமும் கிடையாது. பூட்டியிருந்தாலும், வாட்டர் வாஷ் துப்பாக்கியின் அழுத்தத்துக்கு ஐபி67 உத்தரவாதம் தராது.

பேட்டரியை அப்படியே விடுவது இதைவிடப் பெரிய தவறு. வெறும் ஈரத்தில் களிம்பு பிடிக்க நாளாகும். 12 வோல்ட் நிற்கும் பின்னுக்கும் பக்கத்து எர்த் பின்னுக்கும் நடுவே தண்ணீர் நின்றால், அதன் வழியே கரண்ட் ஓடி பிளஸ் பின்னின் செம்பைக் கரைத்துவிடும். முலாம் தொட்டியில் நடப்பதும் இதேதான். பின் மெலிந்து, தொட்டால் ஒடியும். சாவியைத் திருப்பாமலே பேட்டரி கரண்ட் நிற்கும் ஒயர்கள் பல உண்டு. எனவே முதல் வேலையாக மைனஸ் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

மூடுகிறோம் என்று செய்வதும் கெடுக்கும். இன்சுலேஷன் டேப்பை கப்ளர் வாயிலேயே சுற்றினால் வெயில் சூட்டில் பசை இளகி சீலில் ஒட்டும். அதில் மண் அப்பும். கேரி பேக்கை இறுக்கிக் கட்டினால் பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் உள்ளே வியர்த்துக்கொண்டே இருக்கும். புளித்த வாடை அடிக்கும் சிலிகானை அப்பவே கூடாது, அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். பேரிங் கிரீஸ் சீலை உப்ப வைத்துவிடும்.

நல்ல மூடி, அதே கப்ளரின் மறுபாதிதான். காயலான் கடையிலோ, சென்னை என்றால் புதுப்பேட்டையிலோ பழைய கிட்டிலிருந்து வெட்டி வாங்கலாம். 5 செ.மீ. ஒயரோடு வெட்டி, ஒவ்வொரு ஒயர் முனையையும் தனித்தனியாகப் பசையுள்ள ஹீட் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) போட்டு அடையுங்கள். முனை திறந்திருந்தால் செம்பு இழைகளுக்கு நடுவே தண்ணீர் ஊர்ந்து கப்ளருக்குள் வந்துவிடும். மறுபாதி கிடைக்காவிட்டால், நன்றாகக் காய்ந்த கப்ளரை வாய் கீழ்நோக்கித் தொங்கவிட்டு, பிளாஸ்டிக் கவரை அதற்கு மாட்டி, கவரின் வாயை மேலே ஒயரோடு சேர்த்து கேபிள் டையால் கட்டி, கவரின் அடி மூலையில் சிறு ஓட்டை விடுங்கள். பலரும் கிட்டை மூடிவிட்டு, இஞ்சினில் இருக்கும் சென்சார் பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். அதற்கும் மூடி வேண்டும்.

ஏற்கெனவே நனைந்திருந்தால் உப்புத்தாள் போடாதீர்கள். மெல்லிய தகர முலாம் போய்விடும். தடித்த மல்டிமீட்டர் முனையைச் சொருகினால் டெர்மினல் விரிந்து, பிறகு லூஸ் கான்டாக்ட் தலைவலிதான். கான்டாக்ட் கிளீனர் அடித்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, முழுக்கக் காயவிட்டபின் சீலில் மட்டும் டைஎலக்ட்ரிக் கிரீஸை (கரண்ட் கடத்தாத கிரீஸ்) மெல்லப் பூசுங்கள். கம்ப்ரஸர் காற்றில் ஊதுவதென்றால் டேங்கில் தேங்கிய தண்ணீரை முதலில் வடித்துவிடுங்கள்.

மஞ்சள் நிற ஏர்பேக் கப்ளர்களுக்கு மறுபாதி முறை வேண்டாம். கழற்றியதும் இரு பின்களையும் ஒன்றோடொன்று இணைத்துவைக்கும் சிறு தகடு பெரும்பாலான ஏர்பேக் கப்ளர்களில் உண்டு; ஏர்பேக் தவறி வெடிக்காமல் காப்பது அதுதான். எதையாவது சொருகினால் அந்தத் தகடு விலகிவிடும். வெளியே தளர்வாகக் கவர் போட்டால் போதும்.