பின் சக்கர பேரிங் வீட்டுலயே மாத்துனேன்

ஐப்பசி மழையில நீடாமங்கலம் பக்கம் தேங்கி நின்ன தண்ணியில கார ஓட்டிட்டு வந்ததுலேர்ந்து பின்னாடி ஊஊன்னு ஒரே இரைச்சல், 40 தாண்டுனா பேச முடியல. டயர்னு நெனச்சேன், ஜாக்கி போட்டு கையால சுத்துனா இடது சக்கரம் கரகரங்குது, சக்கரம் உரசாம சுத்த உள்ள இருக்குற குண்டு வளையம், பேரிங்தான். முன் சக்கரத்துக்கு கல்லு வச்சு, ஸ்டாண்டு குடுத்து, ஹேண்ட் பிரேக்க எறக்குனாதான் பிரேக் டிரம் கழலும். உள்ள கிரீஸெல்லாம் சேறாட்டம் இருந்துச்சு. புது பேரிங்க டிரம்முக்குள்ள எறக்குறப்ப வெளி வளையத்துல மட்டும்தான் தட்டணும், உள் வளையத்துல அடி விழுந்தா குண்டு ஓடுற தடத்துல பள்ளம் விழுந்து புதுசே சத்தம் போடும், அதனால பழைய பேரிங்கோட வெளி வளையத்த லேசா தேச்சு மேல வச்சு சுத்தியால சுத்திச்சுத்தி சமமா தட்டுனேன். டிரம்ம புடிச்சு வைக்கிற நட்டு புதுசுதான் போடணுங்க, எவ்வளவு இறுக்கம்னு அளந்து முறுக்குற டார்க் ரெஞ்ச் எரவல் வாங்கி மேனுவல்ல போட்ட அளவுக்கு முறுக்குனேன். நேத்து தஞ்சாவூர் போயிட்டு வந்தேன், சத்தமே இல்ல.