தாத்தாவின் பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி: சரிசெய்ய யாரிடம் கொடுப்பது?

தாத்தா காலத்து டபுள் பேரல் வீட்டில் இருந்தால் ரிப்பேர்காரரைத் தேடும் முன் லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். லைசென்ஸ்காரர் இறந்துவிட்டார் என்றால் துப்பாக்கியைப் பரணில் வைத்துக்கொண்டிருப்பதே குற்றம், அது எவ்வளவு துருப்பிடித்துக் கிடந்தாலும் சரி. தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆர்ம்ஸ் டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, வாரிசுச் சான்றிதழோடும் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தோடும் கலெக்டர் அலுவலகத்தில் (போலீஸ் கமிஷனர் இருக்கும் நகரமென்றால் கமிஷனர் அலுவலகத்தில்) உங்கள் பெயருக்கு விண்ணப்பியுங்கள். பெரியவர் உயிரோடு இருக்கிறார் என்றால் இன்னும் எளிது. அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ அந்தத் துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, அவரே ஒரு வாரிசைக் குறிப்பிட்டு மாற்றித்தர 2016-ஆம் வருட ஆயுத விதிகள் இடம் தருகின்றன. பீரோவில் கிடக்கும் பழைய தோட்டாக்களையும் சேர்த்து ஒப்படையுங்கள், அவற்றைச் சுட்டுப் பார்க்க நினைக்கவே வேண்டாம்.

அப்புறம்தான் ஆள் தேடுவது. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி ரிப்பேர் செய்பவருக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். ராணுவத்தில் ஆர்மரராக (ஆயுதம் பழுதுபார்ப்பவராக) இருந்தவர், நல்ல கை, வீட்டிலேயே செய்து தருவார் என்று யாராவது சொல்வார்கள். கை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் லைசென்ஸ் இல்லையென்றால் கொடுக்காதீர்கள், மாட்டினால் உங்கள் லைசென்ஸும் சேர்ந்து போகும். கேட்டவுடன் லைசென்ஸைக் காட்டத் தயங்குபவரிடம் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

விசாரிக்க நல்ல இடம் மாவட்ட ரைபிள் கிளப். அங்கேயும் ஏர் ரைபிள் சுடுபவர்களைக் கேட்டுப் பயனில்லை, வீசப்படும் தட்டுகளைச் சுடுகிற டிராப் போட்டிக்கான 12 போர் (குழல் அளவு) துப்பாக்கிக்காரர்களைக் கேளுங்கள், குழலும் கட்டையும் யாரிடம் போனால் உருப்படியாகத் திரும்பி வரும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். பழைய எஸ்டேட் குடும்பங்களிலும் கேட்கலாம். ஒரே பெயர் இரண்டு மூன்று இடத்தில் வந்தால் போய்ப் பாருங்கள். போகும்போது துப்பாக்கியைத் திறந்து இரண்டு தோட்டா அறையும் காலி என்று கண்ணால் பார்த்து, குழலையும் கட்டையையும் பிரித்துப் பெட்டியில் வைத்து, ஒரிஜினல் லைசென்ஸோடு நீங்களே எடுத்துப் போவது நல்லது. வேறு ஒருவர் கொண்டுபோக வேண்டியிருந்தால் உங்கள் கைப்பட எழுதிய அதிகாரக் கடிதம் அவரிடம் இருக்க வேண்டும்.

இனி, அவர் வேலை தெரிந்தவர்தானா? துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். நல்லவர் முதலில் காலியா என்று திறந்து பார்ப்பார், பிறகு குழலின் அடியில் கைபிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டு, குழல், சுடும் இயக்கம் இருக்கும் நடுப்பகுதியான ஆக்‌ஷனோடு இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பார், குழல்களைத் தனியாகத் தொங்கவிட்டு லேசாகத் தட்டுவார். மணி போல நீண்டு ஒலித்தால் இரண்டு குழலையும் சேர்த்திருக்கும் ஈயப்பற்று உறுதியாக இருக்கிறது, மொத்தென்று கேட்டால் எங்கோ விட்டிருக்கிறது. அப்புறம் குழலின் அடியில் உள்ள முத்திரைகளைத் தேடுவார். நம் பக்கம் கிடைக்கும் பழைய துப்பாக்கிகளில் பல இங்கிலாந்தில் செய்தவை, குழலின் வலிமையைச் சோதிக்கும் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரை இருக்கும். புகையில்லா மருந்துக்குச் சோதித்ததைக் காட்டும் 'நைட்ரோ' முத்திரை இல்லாமல் குழல் முழுக்க நெளிநெளியாகக் கோலம் போட்டதுபோல இருந்தால் அது இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம், கருமருந்து காலத்தது, இன்றைய தோட்டாவுக்கானது இல்லை. அறையின் நீளத்தையும் அளப்பார், ஏனென்றால் பழைய 12 போரில் பல இரண்டரை அங்குல அறை, கடையில் விற்கும் இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டா உள்ளே நுழைந்தாலும் சுடும்போது வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் எகிறும். இதையெல்லாம் பார்க்காமல் "பளபளன்னு ஆக்கித் தர்றேன் சார்" என்று விலை பேச ஆரம்பிப்பவரிடமிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

குழலுக்குக் கருநீலம் (துருவைத் தடுக்கும் மேற்பூச்சு நிறம்) எப்படி ஏற்றுவீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள், ஆளை எடைபோட எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல கேள்வி கிடையாது. கொதிக்கும் காரக் கரைசலில் முக்குவேன், ஒரே நாளில் முடியும் என்றால் வேண்டாம். அந்தக் காரம் ஈயப்பற்றை அரிக்கும், இடுக்கில் தங்கி உள்ளிருந்தே துருவேற்றும். பழைய இரட்டைக் குழலுக்கு மேலே மெதுவாக மெல்லிய துருவேற்றி, அது கறுக்கும்படி வெந்நீரில் கொதிக்கவைத்து, துடைத்து, மறுபடி மறுபடி செய்யும் முறைதான் சரி, நாளாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். உட்புறத்தில் குழி விழுந்திருந்தால் அதைத் தேய்த்து எடுக்கும் முன் சுவரின் கனத்தை அளந்தீர்களா என்று கேளுங்கள். பிரிட்டிஷ் துப்பாக்கிக்காரர்கள் 12 போருக்கு மிக மெல்லிய இடத்திலும் அரை மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பார்கள், கண்ணாடிபோல் மின்னும் குழல் காகிதமாக மெலிந்திருக்கலாம். செதுக்கு வேலை உள்ள தகட்டை பஃபிங் சக்கரத்தில் வைக்கக் கூடாது, கட்டைக்கு வார்னிஷ் கூடாது, ஆளிவிதை எண்ணெய் போதும். குழலைக் குட்டையாக்கலாம் என்ற பேச்சு வந்தாலே எழுந்துவிடுங்கள், அதற்கென்று லைசென்ஸ் இல்லாமல் செய்வது சட்டப்படி குற்றம்.

"இதைச் சுட வேண்டாம், சுத்தம் செய்து எண்ணெய் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லி, தனக்கு வரும் பெரிய வேலையைத் தானே வேண்டாம் என்பவர் கிடைத்தால் அவரை நம்பிக் கொடுக்கலாம். மனசு கேட்காதுதான், தாத்தா சுட்ட துப்பாக்கியை ஒரு தடவையாவது சுட்டுப்பார்க்க ஆசை இருக்கும். ஆனால் குழல் வெடித்தால் போவது முன்கட்டையைப் பிடித்திருக்கும் இடது கை.

கொடுக்கும்போது குழல், ஆக்‌ஷன், முன்கட்டை மூன்றிலும் உள்ள எண்களை, முத்திரைகளை, செதுக்கு வேலையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதில் துப்பாக்கி எண், உங்கள் லைசென்ஸ் எண், என்னென்ன வேலை, எவ்வளவு பணம் எல்லாம் எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள். சுருள்வில், தோட்டாவைத் தட்டும் ஊசி, திருகு எதை மாற்றினாலும் பழசைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும் அன்று படத்தை வைத்து எண்களையும் முத்திரைகளையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள், திருகுகளின் தலை சிதைந்திருக்கிறதா என்று பாருங்கள், குதிரை (ஊசியை அடிக்கும் சுத்தி), ட்ரிகர், சேஃப்டி மூன்றையும் போலித் தோட்டா போட்டு அவர் முன்னாலேயே இயக்கிப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.