வாஸ்குலைட்டிஸ் சந்தேகத்துல டிஐஎஃப்: எந்தப் புள்ளிய எடுக்கணும்?

புதுசா டெர்மடாலஜி, பேத்தாலஜி பக்கம் வந்தவங்களுக்காக இது. டைரக்ட் இம்யூனோஃப்ளோரசன்ஸ்னா (டிஐஎஃப், தோல்ல படிஞ்ச ஆன்டிபாடிய ஒளிர வச்சுப் பாக்கிற டெஸ்ட்) என்னன்னு படிச்சிட்டுதான் வந்திருப்பீங்க, அதனால நேரா வேலைக்குப் போயிடலாம். கால்ல ஊதாக் கலர்ல தடிச்ச புள்ளிங்க, கண்ணாடி ஸ்லைட வச்சு அமுக்கினாலும் வெளுக்கல, ஐஜிஏ வாஸ்குலைட்டிஸா (ஐஜிஏங்கிற ஆன்டிபாடி படிஞ்சு குட்டி ரத்தக்குழாய் சுவர்ல வர்ற அழற்சி) இருக்குமோன்னு டவுட். (பழைய நோட்ஸ்ல ஹெனாக் ஷான்லைன் பர்ப்யூரான்னு இருக்கும், வாஸ்குலைட்டிஸ் வகைகளுக்குப் பேர் வைக்கிற 2012 சேப்பல் ஹில் பட்டியல்ல பேர மாத்திட்டாங்க.)

ஸ்டெப் 1, புள்ளிய தேர்ந்தெடுக்கிறது. பாதி ரிப்போர்ட் கோட்டை விடுறது இங்கதான். இருக்கிறதுலயே பெருசா, கருத்துப்போயி, புண்ணாகி நிக்கிற புள்ளி மேலதான் கை போகும், ஆனா அதுக்குள்ள நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளையணு) எல்லாம் வந்து ரத்தக்குழாய் சுவர்ல படிஞ்ச இம்யூன் காம்ப்ளெக்ஸ (ஆன்டிபாடியும் ஆன்டிஜெனும் சேர்ந்த கட்டி) கரைச்சு முடிச்சிருக்கும், அப்புறம் டெஸ்ட் நெகடிவ்னு வந்தா அதுக்கு அர்த்தமே இல்ல. 24 மணி நேரத்துக்குள்ள வந்த புள்ளிதான் பெஸ்ட், 48 தாண்டினா சான்ஸ் குறைஞ்சிட்டே போகும். எது புதுசுன்னு பேஷன்டுக்கே பல நேரம் தெரியாது, அதனால ராத்திரியே இருக்கிற புள்ளிங்கள சுத்தி பேனாவால வட்டம் போட்டு வச்சிடுங்க, காலையில வட்டம் இல்லாம நிக்கிறதுதான் உங்க ஆளு. தொடையில புதுசா கிடைச்சா நான் கணுக்கால தொடவே மாட்டேன், கீழ்க்கால்ல ரத்தம் தேங்குறதாலயே சி3 (காம்ப்ளிமென்ட் புரதம்), ஃபைப்ரின் (ரத்தம் உறைய வைக்கிற புரதம்) எல்லாம் சும்மா படிஞ்சு குழப்பும்.

இன்னொன்னு, பெம்ஃபிகாய்டுக்கு (ஒரு கொப்புள நோய்) எடுக்கிற பழக்கத்துல பக்கத்துத் தோல எடுத்துடாதீங்க, இங்க புள்ளியவேதான் எடுக்கணும்.

ஸ்டெப் 2, ரெண்டு 4 மி.மீ. பஞ்ச் (வட்டக் கத்தியால எடுக்கிற தோல் பயாப்ஸி). முதல்ல டிஐஎஃப்புக்கு, அது மைக்கேல்ஸ் மீடியத்துல (டிஐஎஃப் பீஸ லேபுக்கு அனுப்புற திரவம்). ரெண்டாவது, ஒன்னு ரெண்டு நாள் ஆன புள்ளியா பாத்து ஃபார்மலின்ல, ஹெச் அண்ட் ஈ (வழக்கமான திசு சாயம்) போட்டுப் பாக்க. ஃபார்மலின்ல முக்குன ஃபோர்செப்ஸால முதல் பீஸ தொடாதீங்க. மீடியம் இல்லையா, லேப் பக்கத்துலயே இருந்தா நார்மல் சலைன் போதும், 24 மணி நேரத்துக்குள்ள சேத்துடணும்.

ஸ்டெப் 3 லேப் வேலை. பஃபர்ல கழுவி, உறைய வச்சு, கிரையோஸ்டாட்ல (உறைஞ்ச திசுவ வெட்டுற மெஷின்) 4–5 மைக்ரான் வெட்டி, எஃப்ஐடிசி (பச்சையா ஒளிர்ற சாயம்) ஒட்டின ஆன்டிபாடி அஞ்சு, இதுங்கள கண்டுபிடிக்க: ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம், சி3, ஃபைப்ரினோஜன். இருட்டுல, ஈரப்பதமா வைக்கணும்.

ஸ்டெப் 4, பாக்கிறது. மேல்தோலுக்குக் கீழ இருக்கிற குட்டி ரத்தக்குழாய் சுவர்ல பச்சையா பொடிப்பொடியா மின்னணும். நீளமா இழை இழையா தெரியுறது எலாஸ்டிக் ஃபைபர், அது தானாவே மின்னும், ஏமாறாதீங்க. ஐஜிஏ தூக்கலா இருந்தா நம்ம சந்தேகத்துக்கு பலம். ஐஜிஎம்மும் சி3யும் தூக்கலா இருந்தா கிரையோகுளோபுலின் (குளிர்ல படியுற ஆன்டிபாடி), ஹெபடைட்டிஸ் சி பாருங்க. ஒன்னுமே இல்லன்னா ஏஎன்சிஏ வகையான்னு (நியூட்ரோஃபிலுக்கு எதிரான ஆன்டிபாடியால வர்ற வாஸ்குலைட்டிஸ், சுவர்ல படிவு அதிகம் இருக்காது) யோசிக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி புள்ளியோட வயசக் கேளுங்க. ஃபைப்ரினோஜன் மட்டும் வந்தா அத வச்சு வகை சொல்ல முடியாது.

பின்சேர்க்கை: மொத்தத்தையும் ஃபார்மலின்ல போட்டுட்டோம், என்ன பண்றதுன்னு சிலர் கேட்டிருந்தீங்க. பாரஃபின் பிளாக்ல என்சைம் போட்டு பண்ற முறை இருக்கு, ஆனா அது கிட்னி பயாப்ஸில பழகினது, தோலுக்கு நான் நம்பமாட்டேன், புதுப் புள்ளி வந்தா திரும்ப எடுங்க. ரிப்போர்ட் வரட்டும்னு யூரின் டெஸ்ட நிறுத்தி வைக்காதீங்க. புரோட்டீன், ரத்தம், கூடவே பிபி, மூணையும் அன்னைக்கே பாத்துட்டு, தோல் ஆறின பிறகும் சில மாசம் விட்டு விட்டுப் பாருங்க, கிட்னி பிரச்சனை லேட்டாவும் வரும்.